7 கிலோவுக்குள்ள ஒரு பெட்டி: கேபின் பேக் வாங்குறதுக்கு முன்னாடி டேப்பை எடுங்க

பிள்ளைப்பாக்கம், வல்லம் வடகால், ஒரகடம், சுங்குவார்சத்திரம்னு நம்ம பெல்ட்ல வேலை பார்க்கிற பாதிப் பேருக்குச் சொந்த ஊர் தூரம். தூத்துக்குடி, மதுரை, கோவைன்னு ஒரு கூட்டம். ஒடிசா, ஜார்க்கண்ட், அசாம்னு இன்னொரு கூட்டம். தீபாவளி, பொங்கல் சமயத்துல ஆம்னி பஸ் டிக்கெட் விலையைப் பார்த்துட்டு, "இதுக்கு ஃப்ளைட்டே பரவாயில்லையே"ன்னு யோசிக்கிறவங்க இப்போ நிறைய. இன்னொரு பக்கம், கம்பெனி டிரெயினிங்னு கொரியா, ஜப்பான், ஜெர்மனி போற இளம் இன்ஜினியர்களும் இருக்காங்க.

டிக்கெட்டை நாலு ஆப்ல ஒப்பிட்டு, கூப்பன் போட்டு, ₹400 மிச்சம் பண்ணி வாங்கிடுவோம். ஆனா ஏர்போர்ட் கவுண்ட்டர்ல "சார், 4 கிலோ எக்ஸ்ட்ரா இருக்கு"ன்னு சொன்னதும் அந்த மிச்சம் பல மடங்கா வெளியே போயிடும். ஒரு கணக்குக்கு, கிலோவுக்கு ₹500ன்னு வெச்சுக்குவோம். 4 கிலோவுக்கு ₹2,000. கையில ₹22,000 சம்பளம் வாங்குற ஒரு டிரெயினிக்கு, மாசம் 26 நாள் வேலைன்னா, ஒரு நாள் சம்பளம் சுமார் ₹846. அதாவது இரண்டு நாள் ஷிஃப்ட்டுக்கு மேல நின்னு சம்பாதிச்ச காசு, ஒரு பெட்டி எடை தாண்டினதுக்காகப் போகுது.

இதைத் தவிர்க்க பெரிய தந்திரம் எதுவும் வேண்டாம். ஒரு டேப், ஒரு தராசு, கொஞ்சம் கணக்கு போதும்.

முதல்ல விதி என்னன்னு பார்ப்போம்

கேபின் பேக்குக்கு ரெண்டு கட்டுப்பாடு இருக்கு: அளவு, எடை. கடையில நம்ம கவனம் அளவுல மட்டும்தான் போகும். நம்ம ஊர் ஏர்போர்ட்ல பெரும்பாலும் மாட்டிவிடறது எடைதான்.

நாம அதிகம் போற நிறுவனங்களோட எகானமி வகுப்பு விதிகள் இப்படி:

- இண்டிகோ: ஒரு கைப்பெட்டி, 55 × 35 × 25 செ.மீ., 7 கிலோ வரை. இது தவிர லேப்டாப் பை அல்லது பெண்களின் கைப்பை மாதிரி ஒரு சின்ன பை, 3 கிலோ வரை.
- ஏர் இந்தியா: 55 × 40 × 20 செ.மீ., 7 கிலோ.
- ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ்: கைப்பெட்டி, லேப்டாப் பை ரெண்டும் சேர்த்தே 7 கிலோ.
- சிங்கப்பூர் ஏர்லைன்ஸ்: நீளம், அகலம், உயரம் மூணையும் கூட்டினா 115 செ.மீ.க்குள்ள இருக்கணும், 7 கிலோ.
- ஸ்கூட்: 54 × 38 × 23 செ.மீ., ரெண்டு பையும் சேர்த்து 10 கிலோ.
- கொரியன் ஏர்: 55 × 40 × 20 செ.மீ., சின்ன பையோட சேர்த்து 10 கிலோ.
- ஜப்பான் ஏர்லைன்ஸ், ஏஎன்ஏ: 55 × 40 × 25 செ.மீ., சேர்த்து 10 கிலோ.
- லுஃப்தான்சா: 55 × 40 × 23 செ.மீ., 8 கிலோ.

விதிகள் அப்பப்போ மாறும். அதனால டிக்கெட் வாங்குற அன்னைக்கே, அந்த டிக்கெட்லயே என்ன போட்டிருக்குன்னு ஒரு தடவை பார்த்துடுங்க.

இந்தப் பட்டியல்ல ஒரு முக்கியமான வித்தியாசம் ஒளிஞ்சிருக்கு. லேப்டாப், சார்ஜர், பை எல்லாம் சேர்ந்து ஈஸியா 2.5 கிலோ வரும். லேப்டாப் பைக்குத் தனியா 3 கிலோ தர்ற டிக்கெட்ல, பெட்டிக்கு முழு 7 கிலோ இருக்கு. எல்லாம் சேர்த்து 7 கிலோன்னு சொல்ற டிக்கெட்ல, பெட்டிக்கு மிஞ்சுறது 4.5 கிலோதான். ஒரே பெட்டி, ஒரே துணிமணி. ஆனா ஒரு ஃப்ளைட்ல பாஸ், இன்னொண்ணுல ஃபெயில். ரெண்டு டிக்கெட்டுக்கும் ₹300 வித்தியாசம்னா, எது மலிவுன்னு இதையும் சேர்த்துத்தான் முடிவு பண்ணணும்.

ஏன் எல்லாரும் ஒரே அளவு வைக்கல?

வெக்கப் பார்த்தாங்க. 2015 ஜூன்ல, உலக விமான நிறுவனங்களோட சங்கமான ஐயாட்டா, "கேபின் ஓகே"ன்னு ஒரு திட்டத்தை அறிவிச்சது. 55 × 35 × 20 செ.மீ. அளவுல பெட்டி செஞ்சா அதுக்கு ஒரு முத்திரை. அந்த முத்திரை இருந்தா பல நிறுவனங்கள்ல தயங்காம உள்ளே விடுவாங்கன்னு யோசனை. ஆனா அமெரிக்காவுல ஏற்கெனவே இருந்த 22 × 14 × 9 இன்ச் அளவை விட இது சின்னது. "அப்போ வீட்டுல இருக்கிற பெட்டியெல்லாம் தூக்கிப் போடணுமா?"ன்னு மக்கள் கோபப்பட்டாங்க. ஒரு சில நாள்லயே திட்டத்தை நிறுத்தி வெச்சுட்டாங்க.

அடிப்படைப் பிரச்சினை இடம்தான். ஏ320 மாதிரி ஒரு விமானத்துல 180 பேர் உட்காரலாம். எல்லாரும் ஒரு டிராலி கொண்டு வந்தா மேல் பெட்டிகள் பத்தாது. புது விமானங்கள்ல பெட்டியைச் செங்குத்தா நிக்க வெக்கிற மாதிரி பெரிய மேல் பெட்டிகள் வருது. போயிங் 737ல பழைய வகை மேல் பெட்டியில நாலு டிராலி வெச்ச இடத்துல, 'ஸ்பேஸ் பின்' வகையில ஆறு வெக்கலாம். ஆனா எந்த விமானம் வரும்னு நமக்குத் தெரியாது.

பாதுகாப்புச் சோதனையும் ஒரு காரணம். ஒவ்வொருத்தரும் ரெண்டு மூணு பை கொண்டு வந்தா ஸ்கேனர் வரிசை நீண்டுக்கிட்டே போகும். 2022 ஜனவரியில, சிவில் விமானப் பாதுகாப்பு அமைப்பான பிசிஏஎஸ், "ஒரு பயணிக்கு ஒரு கைப்பை" விதியைக் கண்டிப்பா அமல்படுத்தச் சொல்லி விமான நிறுவனங்களுக்கு உத்தரவு அனுப்பியது இதுக்காகத்தான். லேப்டாப் பை, பெண்களின் கைப்பை போன்ற சிலதுக்கு மட்டும் விலக்கு உண்டு.

மூணாவது காரணம் காசு. 2021 பிப்ரவரியில, செக்-இன் லக்கேஜ் இல்லாதவங்களுக்குக் குறைந்த விலையில டிக்கெட் விற்கலாம்னு டிஜிசிஏ அனுமதி கொடுத்தது. 2024 பிப்ரவரியில ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 'எக்ஸ்பிரஸ் லைட்'ங்கற பேர்ல அப்படி ஒரு கட்டணத்தைக் கொண்டு வந்தது. ஐரோப்பாவுல இந்தச் சண்டை இன்னும் பெருசு. கைப்பைக்குக் காசு வாங்கினாங்க உள்ளிட்ட காரணங்களுக்காக, ரையன்ஏர், வூலிங், ஈஸிஜெட் உட்பட 5 நிறுவனங்களுக்கு ஸ்பெயின் அரசு 2024 நவம்பர்ல மொத்தம் 17.9 கோடி யூரோ அபராதம் போட்டது. நிறுவனங்கள் அதை எதிர்த்தாங்க. நமக்கு இதுல பாடம் ஒண்ணுதான்: டிக்கெட் விலை வேற, பயணச் செலவு வேற.

எல்லாத்துலயும் பாஸ் ஆகுற அளவு

மேல இருக்கிற பட்டியல்ல ஒவ்வொரு பக்கத்துக்கும் சின்ன எண்ணை மட்டும் எடுங்க. உயரம் 54 (ஸ்கூட்), அகலம் 35 (இண்டிகோ), ஆழம் 20 (ஏர் இந்தியா, கொரியன் ஏர்). அதாவது 54 × 35 × 20 செ.மீ. இந்த அளவுக்குள்ள ஒரு பெட்டி இருந்தா, பட்டியல்ல இருக்கிற எல்லா நிறுவனத்துலயும் போகலாம். ஐயாட்டா 2015ல சொன்ன அளவும் கிட்டத்தட்ட இதுதான்.

இதுக்கு ஒரு விலை இருக்கு. 55 × 35 × 25 பெட்டியோட வெளி அளவு சுமார் 48 லிட்டர். ஆழத்தை 20 ஆக்கினா 38.5 லிட்டர். பத்து லிட்டர் குறையுது. ஆனா யோசிச்சுப் பாருங்க: 7 கிலோதானே அனுமதி? 48 லிட்டர் பெட்டியைத் துணியால நிரப்பினா, 7 கிலோவைத் தாண்ட நிறைய வாய்ப்பு இருக்கு. இடம் இருந்தா கை தானா நிரப்பும். சின்ன பெட்டி உங்க எடையையும் சேர்த்துக் கட்டுப்படுத்தும்.

உள்ளூர்ல மட்டும், அதுவும் ஒரே நிறுவனத்துல மட்டும் போறவங்களுக்கு இவ்வளவு இறுக்கம் தேவையில்ல. அந்த நிறுவனத்தோட அளவே போதும்.

"20 இன்ச்" லேபிளை நம்பாதீங்க

கடையில "20 இன்ச் கேபின் சைஸ்"னு ஸ்டிக்கர் இருக்கும். 20 இன்ச்னா 50.8 செ.மீ. 55க்குள்ள வருதேன்னு தோணும். ஆனா பல கம்பெனிகள் அந்த 20 இன்ச்சை பெட்டியோட உடம்புக்கு மட்டும் சொல்றாங்க. கீழே சக்கரம், மேலே கைப்பிடி சேர்த்தா 4–5 செ.மீ. கூடிடும். விமான நிறுவனங்கள் அளக்கிறது சக்கரம், கைப்பிடி, பக்கவாட்டுப் பாக்கெட் எல்லாம் சேர்த்து.

"22 இன்ச்"னு போட்டிருந்தா கணக்கு இன்னும் நேரடி. 22 இன்ச் = 55.9 செ.மீ. சக்கரத்தைச் சேர்க்கறதுக்கு முன்னாடியே 55ஐத் தாண்டியாச்சு. அமெரிக்க அளவை மனசுல வெச்சுச் செஞ்ச பெட்டி அது.

அடுத்தது 'எக்ஸ்பாண்டபிள்' ஜிப். திறந்தா ஆழம் சில செ.மீ. கூடும். போகும்போது மூடி இருக்கும்; ஊர்ல இருந்து திரும்பும்போது திறந்திருக்கும். ஆழம்தான் ரொம்ப இறுக்கமான அளவுங்கறதால, பெட்டி அங்கேதான் மாட்டும்.

நம்ம பெல்ட்ல குவாலிட்டி டிபார்ட்மென்ட்ல இருக்கிறவங்களுக்கு இது புதுசு இல்ல. போர்டிங் கேட் பக்கத்துல வெச்சிருக்கிற அந்த அளவுக் கூண்டு, ஒரு கோ–நோ கோ கேஜ்தான். உள்ளே போனா ஓகே, போகலேன்னா ரிஜெக்ட். அங்கே டாலரன்ஸ் எவ்வளவுன்னு பேரம் பேச முடியாது. அதனால இன்ஸ்பெக்‌ஷனை கடையிலேயே முடிச்சுடுங்க.

காலிப் பெட்டியோட எடைக்கு யார் காசு கட்டுறது?

இதுதான் இந்தக் கட்டுரையோட முக்கியமான பகுதி. ஒரு ஹார்டு டிராலி காலியாவே 2.5 முதல் 3 கிலோ வரும். 7 கிலோவுல 3 கிலோ பெட்டிக்கே போயிட்டா, உங்க பொருளுக்கு மிஞ்சறது 4 கிலோ. ஒரு நல்ல பேக்பேக் சுமார் 1 கிலோ. அதுல 6 கிலோ வெக்கலாம். அதே டிக்கெட்ல, ஒன்றரை மடங்கு பொருள்.

ஒரு உதாரணக் கணக்கு:

- டிராலி: விலை ₹3,600, காலி எடை 3 கிலோ.
- பேக்பேக்: விலை ₹1,800, காலி எடை 1 கிலோ.
- வருஷத்துக்கு மூணு தடவை ஊருக்குப் போய் வர்றீங்க, மொத்தம் 6 ஃப்ளைட்.
- ரெண்டுலயும் அதே 6 கிலோ பொருள்.

பேக்பேக் 7 கிலோ, சரியா பாஸ். டிராலி 9 கிலோ. 2 கிலோ அதிகம். ஆறு தடவையில மூணு தடவை எடை போட்டுப் பிடிச்சாங்கன்னே வெச்சுக்குவோம். கிலோ ₹500 கணக்குல ஒரு தடவைக்கு ₹1,000, வருஷத்துக்கு ₹3,000. விலை வித்தியாசம் ₹1,800ஐயும் சேர்த்தா, முதல் வருஷத்துல டிராலி ₹4,800 கூடுதல் செலவு. மாசம் ₹400 ஆர்டி போட்ட மாதிரி.

அதுக்காக டிராலியே வேண்டாம்னு சொல்லல. முதுகு வலி இருக்கிறவங்க, கைக்குழந்தையோட போறவங்க, சட்டை கசங்கக் கூடாத ஆபீஸ் பயணம் போறவங்களுக்கு டிராலி நல்லது. ஆனா வாங்கும்போது லேபிள்ல எடையைத் தேடுங்க. 2 கிலோ ஒட்டி இருக்கிற சாஃப்ட் டிராலி கிடைச்சா, அரைக் கிலோவுக்கு ஒரு ரெண்டு ஜோடி துணி கூடுதலா போகும்.

ஷெல் வகையையும் பாருங்க. ஏபிஎஸ் மலிவு, ஆனா அடி பட்டா விரிசல் விடும். பாலிகார்பனேட் வளைஞ்சு நிமிரும், விலை கூட. பாலிப்ரொப்பிலீன் எடை குறைவு, நடுத்தர விலை. கேபின்ல கையோட வர்ற பெட்டிக்கு, செக்-இன் பெட்டி மாதிரி அடி படாது. அதனால ரொம்ப விலை உயர்ந்த ஷெல்லுக்குக் காசு கொட்ட அவசியம் இல்ல. அந்தக் காசு நல்ல சக்கரத்துக்கும் ஜிப்புக்கும் போகட்டும்.

கடையில செய்ய வேண்டிய அஞ்சு சோதனை

1. டேப்: சொந்த டேப் கொண்டு போங்க. தரையில நிக்க வெச்சு, சக்கரத்துல இருந்து கைப்பிடி மேல் வரை அளங்க. முன் பாக்கெட்டை நிரப்பின மாதிரி உப்ப வெச்சு ஆழத்தை அளங்க.
2. தராசு: தொங்கவிடற சின்ன டிஜிட்டல் தராசு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். ரூம்ல நாலு பேர் சேர்ந்து ஒண்ணு வாங்கினா போதும். கடையிலயும் உதவும், ஊர்ல இருந்து கிளம்பும்போதும் உதவும்.
3. கைப்பிடி: முழுசா இழுத்து ஆட்டிப் பாருங்க. கடையிலேயே லொடலொடன்னு இருந்தா, ஆறு மாசத்துல கழண்டுடும்.
4. சக்கரம்: ஸ்க்ரூ போட்டு மாத்தற மாதிரி இருக்கான்னு பாருங்க. ரிவெட் அடிச்சிருந்தா, ஒரு சக்கரம் போனா பெட்டியே போச்சு.
5. வாரன்டி: "5 வருஷ வாரன்டி" பெரும்பாலும் தயாரிப்புக் குறைக்கு மட்டும். எதெல்லாம் அடங்காதுன்னு கார்டைப் படிங்க. பில்லை போட்டோ எடுத்து மெயில்ல போட்டு வையுங்க.

"80% ஆஃபர்" கணக்கு

லக்கேஜ் விற்பனையில எம்ஆர்பி ₹12,000, ஆஃபர் விலை ₹2,400ன்னு போடறது சாதாரணம். வருஷம் முழுக்க அதே ₹2,400க்கு விக்கிற பொருளுக்கு எம்ஆர்பி வெறும் அலங்காரம். தள்ளுபடி சதவீதத்தைப் பார்க்காதீங்க. ஒரு பயணத்துக்கு எவ்வளவு ஆகுதுன்னு பாருங்க. ₹2,400 பெட்டி 24 ஃப்ளைட் வந்தா, ஒரு ஃப்ளைட்டுக்கு ₹100. ₹9,000 பெட்டி அந்த ₹100 கணக்குக்கு வரணும்னா 90 ஃப்ளைட் போகணும். வருஷத்துக்கு 6 ஃப்ளைட்னா அது 15 வருஷம்!

நோ-காஸ்ட் இஎம்ஐயில பெட்டி வாங்கலாமான்னு கேட்கிறவங்களுக்கு: வட்டிக்குச் சமமான தள்ளுபடி கொடுத்தாலும், அந்த வட்டிப் பகுதி மேல 18% ஜிஎஸ்டி, பல கார்டுகள்ல பிராசஸிங் கட்டணம் ரெண்டும் நம்ம தலையில. ₹3,000 பொருளுக்கு அது தேவையா? ரெண்டு மாசம் பணம் சேர்த்து வாங்கிக்கலாம். அதுவரைக்கும் ஆபீஸ் பேக்பேக்கே போதும்.

செக்-இன் இல்லாத டிக்கெட் லாபமா?

லைட் டிக்கெட் ஒரு வழிக்கு ₹800 குறைவுன்னா, போக வர ₹1,600 மிச்சம். வருஷத்துக்கு மூணு தடவைன்னா ₹4,800. பெட்டி விலை அதுலயே வந்துடும். ஆனா போகும்போது இருக்கிற எடை வேற, வரும்போது இருக்கிற எடை வேற. திரும்பி வரும்போது அம்மா கொடுக்கிற முறுக்கு, இட்லிப் பொடி, ஒரு பாட்டில் நெய் சேர்ந்து 3 கிலோ கூடினா, கவுண்ட்டர்ல ₹1,500. மிச்சம் பண்ணதுல ₹100தான் கையில நிக்கும்.

இதுக்கு மூணு வழி இருக்கு. ஒண்ணு, போகும்போது லைட், வரும்போது 15 கிலோ செக்-இன் இருக்கிற சாதாரண டிக்கெட்னு தனித்தனியா வாங்கறது. ரெண்டு, கூடுதல் எடையை ஆப்ல முன்கூட்டியே வாங்கறது. கவுண்ட்டர்ல கட்டறதை விட அது பெரும்பாலும் மலிவு. மூணு, பலகாரத்தை பார்சல்ல அனுப்பச் சொல்றது. அம்மாகிட்ட "வேண்டாம்"னு சொல்றதை விட இது மூணுமே சுலபம்.

கம்பெனி வேலையா போறவங்க, எக்ஸ்ட்ரா எடைக்குக் கட்டின ரசீதைக் கண்டிப்பா வாங்கி வையுங்க. பல கம்பெனிகளோட டிராவல் பாலிசியில அதைக் கிளெய்ம் பண்ண இடம் இருக்கும். ரசீது இல்லேன்னா எதுவும் வராது.

எதை எங்கே வெக்கணும்?

- பவர் பேங்க் செக்-இன்ல போகக் கூடாது, கையோடதான். 100 வாட்-அவர் வரை சாதாரணமா அனுமதி. கணக்கு சுலபம்: எம்ஏஎச் எண்ணை 3.7ஆல பெருக்கி 1,000ஆல வகுங்க. 20,000 எம்ஏஎச்னா 74, பாஸ். 30,000னா 111, விமான நிறுவனத்தோட அனுமதி வேணும்.
- ஊறுகாய், நெய், எண்ணெய் எல்லாம் செக்-இன்ல வெக்கிற பொருள். கைப்பையில வெச்சா சோதனையில நிறுத்த வாய்ப்பு இருக்கு. வெளிநாட்டுப் பயணத்துல திரவம் எதுவா இருந்தாலும் ஒரு பாட்டில் 100 மி.லி.க்குள்ள.
- கொப்பரைத் தேங்காய் எளிதில் தீப்பிடிக்கும் பொருள்னு கணக்கு. வீட்டுலயே விட்டுட்டு வாங்க.
- தூத்துக்குடி, சேலம் பக்கம் போற ஏடிஆர் விமானங்கள்ல மேல் பெட்டி சின்னது. சரியான அளவு டிராலியைக் கூட ஏறும் இடத்துல வாங்கி, டேக் போட்டுக் கீழே வெக்க வாய்ப்பு உண்டு. அப்படிக் கொடுக்கும்போது பவர் பேங்க், லேப்டாப், நகை, மருந்து, சர்டிஃபிகேட் எல்லாத்தையும் வெளியே எடுத்துடுங்க. அதுக்காகவே இதையெல்லாம் ஒரு சின்ன பையில தனியா வெச்சுக்கறது நல்லது.
- ரெண்டு நிறுவனத்துல மாறிப் போறீங்கன்னா, ரெண்டுல எது கடுமையோ அந்த விதிக்குத்தான் பேக் பண்ணணும்.

சுருக்கமா சொல்லணும்னா

வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவை ஊருக்கு மட்டும் போறவங்களுக்கு, ₹1,500–2,000ல ஒரு கிலோவுக்குள்ள இருக்கிற பேக்பேக் போதும். அடிக்கடி ஆபீஸ் பயணம் போறவங்க, 54 × 35 × 20க்குள்ள, 2 கிலோ ஒட்டின டிராலி ஒண்ணு வாங்கலாம். வெளிநாட்டு டிரெயினிங் வந்திருக்குன்னா, முதல்ல எந்த ஏர்லைன்ஸ்னு கம்பெனிகிட்ட கேளுங்க, அப்புறம் பெட்டி வாங்குங்க.

கேபின் பேக்கை டேப் வெச்சு அளந்து காட்டற வீடியோ நம்ம சேனல்ல வரப்போகுது. அதுவரைக்கும் வீட்டுல இருக்கிற பெட்டியை ஒரு தடவை அளந்து, காலியா எடை போட்டு, ரெண்டு எண்ணையும் உள்பக்கம் ஒரு ஸ்டிக்கர்ல எழுதி ஒட்டி வையுங்க. அடுத்த தடவை டிக்கெட் பார்க்கும்போது அந்த ரெண்டு எண்தான் முதல்ல தேவைப்படும்.